புயல் சேதப் பட்டியலில் ஒரு வீடு

சாண்ட்ஹாவ்ன், டென்மார்க்
22.01.1988

அன்புள்ள மச்சானுக்கு,

நீக்கிலாஸ் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. குளிரில் விரல்கள் வெடித்திருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சீனி வருத்தம் எப்படி? உங்கள் வீட்டில் இருக்கும் உங்கள் தங்கை செலினும் என் பிள்ளைகள் இருவரும் சுகமா?

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் கடலிலிருந்து புயல் வந்தது. கரையோரத்தில் ஒன்பது வீடுகளின் கூரையைக் கழற்றி எடுத்துவிட்டது. விளையாட்டு மண்டபத்தின் தகரம் கல்லறைத் தோட்டத்துக்குள் கிடந்தது. இது எண்ணாயிரம் பேர் கொண்ட ஊர். நகரசபையை இங்கே கொமூன என்பார்கள். அதன் வேலைத்தளத்தில் நான் தற்காலிகத் தொழிலாளி. விழுந்த மரங்களை வெட்டி வீதி திறப்பதுதான் ஒரு கிழமையாக வேலை.

இருபது வருடத்துக்கு மேல் நகரசபைக் கந்தோரில் இருக்கிறவர் நீங்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை சபை கூடியது. விரும்பியவர் உள்ளே போய் இருந்து கேட்கலாம். நான் சேற்றுச் சப்பாத்தோடு பின்வரிசையில் இருந்தேன். அரைமணி நேரம் புயலைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு தாளைப் புரட்டி, பாடசாலைக் கதிரைகளின் விலைக்கும் நூலகத்தின் எண்ணெய்ச் செலவுக்கும் போய்விட்டார்கள். கரையோரத்தில் ஒன்பது வீட்டுக்குக் கூரை இல்லை. மாதக் கணக்கு மாதக் கணக்காகவே நடந்தது.

செலினையும் பிள்ளைகளையும் இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டு வருகிற மாசியோடு ஒரு வருடம். பதில் இல்லை. குடும்பம் வரப்போகிறது என்று கொமூன எனக்கு மூன்று அறை வீடு தந்தது. அதில் ஒரு அறையில்தான் விளக்குப் போடுகிறேன். ஜோனாஸுக்கு ஐப்பசியில் பதினெட்டு வயது. பதினெட்டு முடிந்தால் பிள்ளையாகக் கூப்பிட முடியாது, அதற்குள் வந்துவிட வேண்டும்.

உங்கள் மச்சான்,
நீக்கிலாஸ்


மன்னார்
24.02.1988

அன்புள்ள நீக்கிலாசுக்கு,

உமது கடிதம் ஒரு மாதம் கழித்து நேற்று வந்தது. சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது, வெறுந்தேத்தண்ணிதான் இன்னும் பழகவில்லை. விரல் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் கிடைக்குமென்றால் பூசும்.

புயலைப் பற்றி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அறுபத்து நாலாம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு சேதப் பதிவேடு எழுதியவன் நான். இருபத்திரண்டு வயது, புதுக் கிளாக்கர். ஒருவர் வந்து மூன்று வள்ளம் போனது என்றார். அவரிடம் ஒரு வள்ளமும் இருந்ததில்லை. மேற்பார்வை ஓவசியர் சிரித்துக்கொண்டு, "எழுதும் தம்பி, கடல் வந்து இல்லையெண்டு சொல்லப்போகுதே" என்றார். நான் எழுதவில்லை. கண்ணால் காணாததைப் பதிவதில்லை என்ற பழக்கம் அன்று பிடித்தது. அதனால் சிநேகிதர்களும் குறைவு.

அந்த ஒன்பது குடும்பங்களையும் எங்கே இருத்தினார்கள்? செலவை எந்தத் தலைப்பில் எழுதினார்கள்? விவரமாக எழுதும்.

செலின் கன்னியர் மடத்தில் தையல் படிப்பிக்கிறாள். நத்தார்ப் பண்டிகைக்கு உமக்கு எழுதிய கடிதத்தில் உங்கள் வீட்டுச் சன்னல்களின் அளவு கேட்டாளாம். திரைச்சீலைக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறாள். ஜோனாஸ் படிக்கிறான். கிளோறியா பதினொரு வயதில் என்னை விட உயரமாகிவிடுவாள் போல.

கு. குருசுமுத்து


சாண்ட்ஹாவ்ன்
27.03.1988

அன்புள்ள செலின்,

நான் சுகம். நீர் இருமலுக்கு மருந்து எடுத்தீரா? அண்ணை எழுதமாட்டார், நீர்தான் சொல்ல வேண்டும்.

சன்னல் அளவு கேட்டிருந்தீர். முன் அறையில் இரண்டு, ஒவ்வொன்றும் நாலடி அகலம், நாலரை அடி உயரம். படுக்கை அறைகளில் ஒவ்வொன்று, மூன்றடிக்கு நாலடி. வெளிச்சம் காலையில் சமையலறைப் பக்கமாக வரும். கோடையில் படுக்கும் நேரத்திலும் வெளியே வெயில் என்பதால் துணி கனமாக இருக்கட்டும்.

வேறு புதினம் இல்லை. வேலை, படுக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் போக பஸ் இல்லாததால் கடற்கரைப் பக்கம் நடப்பேன். அண்ணை கேட்ட ஒன்பது குடும்பங்களுக்கும் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லும்.

பிள்ளைகளைக் கொஞ்சினேன் என்று சொல்லும். ஜோனாஸ் கொஞ்சல் வேண்டாமென்றால் தலையில் ஒரு குட்டு.

நீக்கிலாஸ்


மன்னார்
06.06.1988

நீக்கிலாசுக்கு,

இங்கே மூவரும் நடமாடும் அளவில் சுகம். உமது சுகத்தையும் அப்படியே நம்புகிறேன்.

பங்குனிக் கடிதத்துக்குச் செலின் பதில் போடவில்லை என்று யோசிப்பீர். மடத்தில் வேலை கூட. கையும் நோகிறதாம்.

எங்கள் தெருவில் யோகமலர் என்ற பிள்ளையைத் தெரியுமல்லவா, புருஷன் கோல்டிங்கில் இருக்கிறான். அவளுக்கும் உங்கள் நாட்டிலிருந்து பதில் இல்லை. ஆனால் வள்ளச் சம்மாட்டியாரின் மகளுக்குக் கனடா எட்டு மாதத்தில் கிடைத்தது. சனம் இதையெல்லாம் ஒன்றோடொன்று வைத்துக் கதைக்கும். கதைக்கிற வாயை மூட நமக்கு அதிகாரம் இல்லை.

நீர் போட்ட விண்ணப்பத்தின் பிரதி ஒன்றை அனுப்பும். திகதியும் முத்திரையும் தெரிய வேண்டும். கந்தோர்க்காரனின் பழக்கம் என்று எடுத்துக்கொள்ளும்.

கு. குருசுமுத்து


சாண்ட்ஹாவ்ன்
30.06.1988

அன்புள்ள மச்சானுக்கு,

கோடை வந்ததால் விரல்கள் ஆறிவிட்டன. செலினின் கை எந்தக் கை, எவ்வளவு நாளாக நோகிறது? ஆஸ்பத்திரிக்குப் போனாளா?

நீங்கள் கேட்ட பிரதி இத்துடன். முத்திரை மேல் மூலையில் இருக்கிறது, 17.02.1987. கொப்பன்ஹேகனுக்கு இதுவரை ஆறு கடிதம் போட்டேன். மூன்றுக்குப் பதில் வந்தது. மூன்றிலும் ஒரே வசனம்: பரிசீலனையில் உள்ளது. பிராண்டேயில் தொழிற்சாலை வேலை செய்கிற பொடியள் நாலு பேருக்கும் இதே வசனம்தான்.

மச்சான், இருபது வருடமாக உங்களை எனக்குத் தெரியும். என்னிடம் முத்திரை கேட்டதில்லை. சனம் என்ன கதைக்குது என்று எழுதுங்கள். செலின் ஏன் ஒரு வரியும் எழுதவில்லை? நோகிற கையாலும் ஒரு வரி எழுதலாம்.

நீக்கிலாஸ்


மன்னார்
14.08.1988

நீக்கிலாசுக்கு,

சுகம் விசாரித்து நீட்ட மனமில்லை. செலினின் கைக்கு ஒன்றுமில்லை. அது நான் எழுதிய பொய்.

ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கிற தேவராசா ஈஸ்டர் முடிந்த கிழமை உம்மைப் பார்க்க வந்தாராம். உமது வீட்டுக் கதவில் ஒரு டெனிஷ் பெண்ணின் பெயர் ஒட்டியிருந்ததாம். தட்டினால் அந்தப் பெண்ணே திறந்தாளாம், இடுப்பில் ஒரு குழந்தை. நீர் எங்கே என்று கேட்க, வேலைக்குப் போய்விட்டார் என்றாளாம். தேவராசா அதைத் தன் மனிசிக்கு எழுத, அவள் கோயில் முற்றத்தில் நின்று செலினிடம் சொன்னாள். ஆறுதல் சொல்வது போலத்தான் சொன்னாளாம்.

செலின் அழவில்லை. திரைச்சீலைத் துணியை மடத்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டாள். "அவர் விண்ணப்பம் போட்டிருந்தால் ஏனண்ணை ஒண்டரை வருசமாப் பதில் இல்லை? ஒரு அரசாங்கம் அப்பிடி இருக்குமே?" என்று ஒரு தரம் கேட்டாள். நீர் அனுப்பிய பிரதியைக் காட்டினேன். இப்படி ஒன்றை எவரும் அடித்து எடுக்கலாம் என்றாள்.

அந்தப் பெண் உமது வீட்டில் இருக்கிறாளா இல்லையா? ஓம் அல்லது இல்லை என்று எழுதும்.

கு. குருசுமுத்து


சாண்ட்ஹாவ்ன்
04.09.1988

அன்புள்ள மச்சானுக்கு, இதைச் செலினுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஓம். அந்தப் பெண் இருக்கிறாள். நான் இல்லை.

மாசி மாதம் கொமூனவின் கணக்கு அலுவலர் ஹன்சன் வேலைத்தளத்துக்கு வந்தார். ஓய்வுக்குக் கிட்டியவர், மெதுவாகக் கதைப்பவர்.

"நீக்கிலாஸ், உன்ரை ஆக்கள் எப்ப வருவினம்?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. மூண்டு தரம் கொப்பன்ஹேகனுக்கு ரெலிபோன் எடுத்தனான். அங்கை ஒருத்தரும் ஒண்டும் சொல்லினமில்லை."

பிறகு விஷயத்தைச் சொன்னார். புயலுக்கு முன்பே, ஆண்டுக் கணக்குப் பார்க்கும்போது, தனியாளுக்கு மூன்று அறைக்கு ஏன் வாடகை உதவி என்று நிதிக்குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். பிழையான கேள்வியில்லை. நீங்களும் கேட்டிருப்பீர்கள். இப்போது கூரை போன வீடொன்றின் பெண், கிர்ஸ்டன் என்று பெயர், இரண்டு குழந்தைகளோடு பாடசாலை வகுப்பறையில் படுக்கிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள்.

"நீ வீட்டை அவவுக்கு இரவல் குடுத்தால், வாடகையைப் புயல் செலவிலை எழுதுவன். வீடு உன்ரை குடும்பத்துக்கெண்டே நிக்கும். குடுக்காட்டி சித்திரையிலை குழு அதை எடுத்துப்போடும். நான் தடுக்கேலாது."

கொடுத்தேன். அந்த மாதச் சபைத் தீர்மானத்தில் அதையும் எழுதினார்கள். வேலைத்தளத்துப் பண்டகசாலைக்கு மேலே ஒரு சின்ன அறையில் இருக்கிறேன். கதவில் பெயர் இல்லாததால் தபாற்காரர் கிர்ஸ்டனுக்கு வந்த கடிதங்களைத் திருப்பிக்கொண்டு போனார், அதனால் அவள் தன் பெயரைக் கதவில் ஒட்டினாள். தேவராசா வந்த நாளில் நான் வேலையில்தான் இருந்தேன். அவள் சொன்னதில் பிழையில்லை.

பிழை என்னுடையது. செலின் சன்னல் அளவு கேட்டபோது, வேறொருத்தி இருக்கிற வீட்டின் அளவை எழுதினேன். ஒரு வருடமாக நான் உங்களுக்கு அனுப்பியது அந்த வீட்டுப் படம் ஒன்றுதான். அந்த வீடும் கையில் இல்லை என்று எழுத முடியவில்லை. மச்சான், நீங்கள் ஒன்பது குடும்பங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அன்றே சொல்லியிருக்கலாம். கேள்வியைத் தாண்டிப் போனேன்.

சபைத் தீர்மானத்தின் பிரதியை ஹன்சனிடம் கேட்டு வாங்கி, முத்திரை போடுவித்து, இத்துடன் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரியின் கீழும் தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் வாசித்தால் போதும்.

நீக்கிலாஸ்


மன்னார்
27.11.1988

அன்புள்ள மச்சான் நீக்கிலாசுக்கு,

உமது கடிதத்துக்கு இரண்டு மாதம் பிடித்தது. தபால் ஓடவில்லை, பிறகு ஊரடங்கு. இந்த மாதம் இரண்டாம் திகதி கைக்கு வந்தது. சீனி கொஞ்சம் ஏறியிருக்கிறது. அதற்குக் காரணம் நானே.

தீர்மானத்தை மேசையில் விரித்து வைத்து, கந்தோரில் வாசிப்பது போல வாசித்தேன். பதினாலு விடயங்கள். மின்கம்பம் பதினொன்று, கல்லறைத் தோட்டத்து மதில், பாடசாலைக் கதிரைகள், ஏழாவதாக உமது வீடு, அதற்குக் கீழே நூலகத்துக்கு எண்ணெய். பக்கத்திலுள்ள தொகைகளைக் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் சரியாக வந்தது. ஒரு பெண்ணை மறைக்கிறவன் பதினொரு மின்கம்பத்தைக் கற்பனை செய்து, அதற்குச் சதக் கணக்கு வரை செலவும் எழுதி, கூட்டுத்தொகையும் பிசகாமல் வைக்கமாட்டான். அந்த மொழி எனக்குத் தெரியாது. ஆனால் அது ஒரு சபையின் தாள் என்று தெரியும்.

செலினைக் கூப்பிட்டு ஏழாம் விடயத்தை வாசித்தேன். 'நீக்கிலாஸின் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேரும் வரை' என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "இதிலை எங்களை எழுதியிருக்கினமோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். பிறகு கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள்.

கொழும்பிலுள்ள டென்மார்க் கந்தோருக்கு வந்து புதுப் படிவம் நிரப்பும்படி ஒரு அறிவித்தல் இருந்தது. 21ஆம் திகதி மூவரையும் கூட்டிக்கொண்டு போய் நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஜோனாஸுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, கேக் வெட்டவில்லை.

நானும் நம்பினேன், நீக்கிலாஸ். மற்றவர்கள் சொன்னதைக் காணாமல் பதிந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளும்.

குருசுமுத்து


சாண்ட்ஹாவ்ன்
10.03.1989

என் செலினுக்கு,

நீர் சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு வேண்டுதல் இந்த மாதம் இல்லை. நான் சுகம்.

அனுமதி வந்துவிட்டது. உமக்கும் கிளோறியாவுக்கும்.

ஜோனாஸுக்கு இல்லை. படிவம் கொடுத்த நாளில் அவன் பதினெட்டைத் தாண்டிவிட்டானாம். நான் எண்பத்தேழில் போட்டதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை, கொழும்பில் நிரப்பியதைத்தான் எடுத்தார்கள். தாளை ஹன்சனிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார், கழற்றினார், திரும்பப் போட்டு வாசித்தார்.

"முப்பத்தெட்டு நாள்," என்றார். "வெறும் முப்பத்தெட்டு நாள் பிந்திப்போச்சு."

மேன்முறையீடு எழுத அவரே உதவி செய்கிறார். எவ்வளவு காலம் எடுக்கும் என்று சொல்ல முடியாதாம். உங்கள் இருவரின் அனுமதியும் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குள் வந்து இறங்க வேண்டும்.

கிர்ஸ்டனின் கூரை போட்டு முடிந்தது. போன கிழமை வீட்டைக் கழுவித் துடைத்துத் திறப்பைத் தந்துவிட்டுப் போனாள். என்ன செய்வோம் என்று நீர் எழுதும். எதுவானாலும் எழுதும்.

நீக்கிலாஸ்


மன்னார்
23.04.1989

ஜோனாஸின் அப்பாவுக்கு,

ஒரு வருடத்துக்கு மேல் உங்களுக்கு எழுதவில்லை. இருமல் நின்றுவிட்டது. நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்க எனக்கு உரிமை இருந்தால், கேட்கிறேன்.

அண்ணை உங்களுக்குச் சொல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். அவருக்கும் நவம்பரில்தான் தெரியும். கொழும்பு அறிவித்தல் போன வருடம் ஜூலை இறுதியில் வந்தது. தபாற்காரரிடம் நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். திறந்து வாசித்தேன். விண்ணப்பம் போட்டது உண்மை என்று தெரிந்தும் என் காதில் கோயில் முற்றத்தில் கேட்ட கதைதான் இருந்தது. மற்றொருத்தி இருக்கிற வீட்டுக்கு நான் ஏன் படிவம் நிரப்ப வேண்டும் என்று, சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஓகஸ்ட், செப்டெம்பர், ஒக்ரோபர். மூன்று மாதம் அது என் அலுமாரியில் கிடந்தது. அப்போது போயிருந்தால் ஜோனாஸுக்குப் பதினேழு.

நீங்கள் வீட்டை மறைத்தீர்கள். நான் கடிதத்தை மறைத்தேன். யாருடையது பெரிது என்று பார்க்க வேண்டாம்.

ஜோனாஸுக்கு இதைச் சொன்னேன். "பரவாயில்லையம்மா, நீங்கள் போங்கோ, நான் மாமாவோடை இருப்பன்" என்றான். இங்கே பதினெட்டு வயதுப் பொடியன் சந்திக்குப் போனால், பிடித்துக்கொண்டு போவார்களோ என்று திரும்பி வரும்வரை வாசலில்தான் நிற்கிறோம். அவனை இங்கே வைத்தது என் கை. அவனை விட்டுவிட்டு வந்து அங்கே ஒரு அறையில் என்னால் படுக்க முடியாது.

கிளோறியாவை அனுப்புகிறேன். யோகமலருக்கும் அனுமதி கிடைத்து ஓகஸ்ட் தொடக்கத்தில் கோல்டிங்குக்கு வருகிறாள், அவளோடு வருவாள். ஒரு பிள்ளையாவது உங்களிடம் இருக்கட்டும். தலையில் பேன் இருக்கிறது, வெட்கப்படாமல் பாருங்கள். மீன் முள்ளுக்குப் பயப்படுவாள். சத்தம் போட்டால் கதைக்கமாட்டாள்.

வருவேனா என்று கேட்காதீர்கள். ஜோனாஸுக்கு ஒரு வழி பிறந்தால் மறுநாளே புறப்படுவேன்.

செலின்


சாண்ட்ஹாவ்ன்
13.08.1989

அன்புள்ள செலினுக்கு,

பிள்ளை சுகமாக வந்து சேர்ந்தாள். அதை முதல் வரியில் எழுத வேண்டும் என்று விமான நிலையத்திலிருந்தே நினைத்துக்கொண்டு வந்தேன். நீரும் ஜோனாஸும் அண்ணையும் எப்படி?

கதவால் வெளியே வந்தபோது யோகமலரின் கையைப் பிடித்திருந்தாள். நாலு வருடம். எனக்கு அடையாளம் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. யோகமலர், "அங்கை, அப்பா நிக்கிறார்" என்று காட்டினாள். கிளோறியா கிட்ட வந்து, "வணக்கம்" என்றாள். நானும் வணக்கம் என்றேன். அவளுடைய பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

எந்த அறை வேண்டும் என்று கேட்டேன். சின்னதைக் காட்டினாள். மீனை முள் எடுத்துக் கொடுத்தேன், சாப்பிட்டாள். பேன் பார்த்தேன். இரண்டு நாள் கேட்டதற்கு மட்டும் பதில், "ஓம்", "இல்லை". ஹன்சன் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் கந்தோருக்கு வந்து அவளைப் பதிந்து தந்தார். அவருக்கும் அவள் வணக்கம் சொன்னாள், அவரும் வணக்கம் என்று திருப்பிச் சொல்லப் பார்த்தார். அப்போதுதான் முதல் தரம் சிரித்தாள். மேன்முறையீட்டுக்குப் பதில் இன்னும் இல்லை. மாதம் ஒரு கடிதம் போடுகிறேன்.

இன்று பின்னேரம் சமையலறை மேசையில் இருந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். முடித்து, மடித்து, கடித உறைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, எங்கடை வீட்டு முகவரி என்ன?"

வந்த பிறகு என்னை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல். நான் சந்தோஷத்தில், தெருப் பெயரும் இலக்கமும் எழுத்துக் கூட்டிச் சொல்லத் தொடங்கினேன். பேனையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதில்லை," என்றாள். "எங்கடை வீடு. நான் ஒருநாளும் அங்கை கடிதம் போட்டதில்லை, அதான் தெரியாது."

உறையை வாங்கி, மன்னார் முகவரியை நானே எழுதினேன். இந்தக் கடிதத்தோடு அதுவும் வருகிறது. உறையை ஒட்டியிருக்கிறாள். நான் வாசிக்கவில்லை.

நீக்கிலாஸ்